அவள் செய்த குற்றம் என்ன?

2011 நவம்பர் 16 அன்று வெளியான ஒரு பாட்டைத் தமிழே தெரியாதவர்களும் பாடினார்கள். ‘3’ படத்துக்காக அனிருத் இசையமைத்து, தனுஷ் எழுதிப் பாடிய ‘ஒய் திஸ் கொலவெறி டி’. தமிழும் இங்கிலீஷும் கலந்த அந்தப் பேச்சைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. மொழி கெடுகிறது என்று ஒரு தரப்பு வருந்தியது. மொழி இப்படித்தான் வளரும் என்று இன்னொரு தரப்பு வாதாடியது. அந்தப் பாட்டு ஒரு பெண்ணின் மேல் சுமத்தும் குற்றத்தைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர்.

சுமத்தப்படுவது சின்னக் குற்றமல்ல. கொலைவெறி. அப்படியானால் அவள் செய்தது என்ன? பாட்டை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நிலா வருகிறது, இரவு வருகிறது. பெண்ணின் தோலுக்கு ஒரு நிறமும் அவள் மனத்துக்கு அதன் எதிர் நிறமும் சொல்லப்படுகின்றன. (இழிவைச் சொல்லக் கறுப்பைக் கூப்பிடும் பழக்கம், பெரியாரின் கறுப்புச் சட்டைக்காரர்கள் ஊர் ஊராக மேடை போட்ட இந்த மண்ணிலும் போகவில்லை.) கண்கள் சந்தித்தன, எதிர்காலம் இருண்டது. கையில் மது, கண்ணில் நீர். அவள் வந்தாள், வாழ்க்கை பின்னோக்கி ஓடியது. அவன் சாகிறான், அவள் சந்தோஷமாக இருக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு.

அவள் பொய் சொன்னதாக ஒரு சொல் இல்லை. பணம் வாங்கியதாக இல்லை, வாக்குக் கொடுத்து மீறியதாக இல்லை, இன்னொருவனை நாடிப் போனதாகக்கூட இல்லை. அவள் மேல் சொல்லப்படும் ஒரே உருப்படியான செய்தி, அவன் அழும் நேரத்தில் அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்பது. அதற்குத்தான் கொலைவெறிப் பட்டம்.

என் அக்கா மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். இந்தப் பாட்டுக்கு அவனிடம் அர்த்தம் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு அவன ஏமாத்திட்டா மாமா. அதான் பாட்டு.”

“எந்த இடத்துல ஏமாத்தினாள்னு வருது? காட்டு.”

போனில் வரிகளைத் தேடி எடுத்தான். மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்தான்; மறுபடி மேலே போனான். முகத்தில் விளையாட்டு குறைந்து கவனம் வந்தது.

“வரியில இல்ல மாமா. ஆனா எல்லாருக்கும் தெரியுமே.”

கெட்டிக்காரப் பையன், பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபோது எனக்குக் கவலையாக இருந்தது. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதும், செவ்வாய் தோஷம் உள்ள பெண்ணைக் கட்டினால் புருஷன் சாவான் என்பதும் ‘எல்லாருக்கும் தெரியும்’ என்ற ஒரே காலில்தான் இத்தனை காலமும் நிற்கின்றன. விட்டுப் போன பெண் என்றாலே ஏமாற்றிய பெண் என்பதும் அதே வரிசையில் வைக்க வேண்டிய மூடநம்பிக்கைதான். சோதித்துப் பார்க்காமல் நம்புகிறோம். நம்பிய பிறகு, பாட்டில் இல்லாததையும் பாட்டுக்குள் படிக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘3’ படத்தின் கதையில் நாயகி அவனை விட்டுப் போகவே இல்லை. அவனையே காதலித்து, அவனையே மணக்கிறாள். மனநோயால் சிதைந்து உயிரை மாய்த்துக்கொள்பவன் அவன். பிறகு ஏன் ஏன் என்று தவித்து நிற்பவள் அவள். தான் பிறந்த கதைக்குள்ளேயே அந்தப் பாட்டின் குற்றச்சாட்டு நிற்கவில்லை. படத்தை மறந்தவர்கள் உண்டு, பாட்டை மறந்தவர்கள் இல்லை.

கிண்டல் பாட்டுக்கு ஏன் இத்தனை விசாரணை என்று கேட்பார்கள். விளையாட்டாகச் சொல்லப்படுவதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. மேடையில் நின்று பெண்ணை இழிவாகப் பேசுகிறவனை நாலு பேர் எழுந்து எதிர்ப்பார்கள். தாளத்தோடு வருகிறபோது எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளையும் கைதட்டிச் சேர்ந்து பாடும், குற்றவாளிக் கூண்டில் நிற்பது தான்தான் என்று தெரியாமலே. கிண்டல் எவ்வளவு சீக்கிரம் கிண்டலாக இல்லாமல் போகிறது என்பதற்கு நெடுங்காலம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அதே நவம்பர் மாதம் வெளியான ‘மயக்கம் என்ன’ படத்தில், ஒரு பெண்ணை அடிக்கவும் உதைக்கவும் சொல்லும் பாட்டு வந்தது. அதுவும் வெற்றிப் பாட்டு. காதலில் தோற்ற ஒரு கூட்டமே ‘சூப் பாய்’ என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்ட காலம் அது. காதலில் தோற்றவன் தியாகி, கைவிட்டவள் துரோகி என்ற பாத்திரப் பங்கீடு அதற்கு வெகு காலம் முன்பே முடிந்துவிட்டது.

தேவதாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தாடி வைத்து, கையில் பாட்டிலோடு, பக்கத்தில் நாயோடு உட்கார்ந்திருக்கும் ஆணைப் பார்த்தால் தமிழன் அந்தப் பெயரைத்தான் சொல்வான். 1953-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்துத் தமிழில் வந்த படத்தின் சோகப் பாட்டுகளை என் அப்பா தலைமுறை கண்கலங்கக் கேட்டது. அந்தக் கதைக்கு மூலம் சரத் சந்திரர் 1917-இல் வெளியிட்ட வங்க நாவல். நாவலில் நடப்பது என்ன? பார்வதி, பெண்ணாகப் பிறந்தும் துணிந்து, நள்ளிரவில் தானே அவன் அறைக்குப் போய்த் தன்னை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கிறாள். அவன் பெற்றோருக்குப் பயந்து பின்வாங்குகிறான். ஊரை விட்டுப் போய், அவளை அப்படி எண்ணியதில்லை என்ற பொருளில் கடிதம் எழுதுகிறான். பிறகு மனம் மாறித் திரும்பி வருகிறான். அவளுக்கு வேறிடத்தில் கல்யாணம் முடிவாகிவிட்டது. இனி முடியாது என்கிறாள், தன்மானத்தோடு சொல்கிறாள். அவன் தூண்டில் கம்பால் அவள் நெற்றியில் அடிக்கிறான். இரத்தம் வழிகிறது, வடு நிற்கிறது.

அடித்தவன் அவன், அடி வாங்கியவள் அவள். முதலில் கைவிட்டவனும் அவன்தான். ஆனால் நூறாண்டாக நாம் அழுவது யாருக்காக? பெயர் யாருக்கு நிலைத்தது? நாவலாசிரியர் ஒளிக்காமல் எழுதி வைத்ததைக்கூட நம் கண் தாண்டிப் போகிறது என்றால் கோளாறு பார்க்கிறவனிடம் இருக்கிறது. அழுகிறவன் பக்கம் நியாயம் இருக்கும் என்று நாம் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறோம்.

என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒருவனுடைய துயரம் உண்மையாக இருக்கலாம். அந்தத் துயரம் இன்னொருவர் மீதான குற்றத்துக்குச் சாட்சியாகாது. எனக்கு வலிக்கிறது என்பதிலிருந்து நீ தவறு செய்தாய் என்பதற்குப் போக இடையில் ஒரு படி வேண்டும். நீ இன்னது செய்தாய் என்று சொல்ல வேண்டும். நம் பிரிவுப் பாட்டுகளில் பெரும்பாலானவை அந்தப் படியைத் தாண்டிக் குதிக்கின்றன. கேட்கிற நாமும் கூடவே குதிக்கிறோம்.

பழந்தமிழ்க் காதல் இப்படி இருந்ததா என்று பெருமிதத்தோடு கேட்பவர்கள் உண்டு. இருந்தது. மடலேறுதல் என்ற துறையைப் பற்றி மேடைகளில் மணிக்கணக்காகப் புகழ்கிறார்களே, அது என்ன என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பெண்ணோ அவள் வீட்டாரோ இசையவில்லை. அவன் பனை மட்டையால் குதிரை செய்கிறான். இரு விளிம்பும் அரம்போல் அறுக்கும் கருக்கு மட்டை. யாரும் சூடாத எருக்கம் பூவைச் சூடிக்கொள்கிறான். அவள் உருவத்தைத் துணியில் எழுதிக் கையில் பிடித்தபடி, அந்த மட்டைக் குதிரை மேல் ஏறி ஊர்த் தெருவில் வருகிறான். ஊரே கூடுகிறது, அவள் யாரென்று அறிகிறது. பேச்சு பரவி, பழி தாங்காமல் பெற்றவர்கள் பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் நோக்கம்.

இலக்கிய மரபு என்கிறார்கள். சரி, மரபாகவே இருக்கட்டும். அந்தக் காட்சியை இன்றைய தெருவில் நிறுத்துங்கள். இசையாத பெண்ணின் படத்தை ஒருவன் எல்லார் கண்ணிலும் படும்படி காட்டி, இவள் என்னை வதைக்கிறாள் என்று கூவி, தன் உடம்பைத் தானே அறுத்துக்கொண்டு, ஊரை அவள் மேல் ஏவிவிடுகிறான். மகளிர் காவல் நிலையத்தில் இன்று வாரம் தவறாமல் வரும் புகார் இது. துணிக்குப் பதில் வாட்ஸ்அப், எருக்கம் பூவுக்குப் பதில் மணிக்கட்டில் பிளேடு.

மேடைப் புகழ்ச்சியில் சொல்லாமல் விடும் செய்தி ஒன்றும் இருக்கிறது. தொல்காப்பியர் இதில் கோடு போட்டிருக்கிறார். மடலேறுவேன் என்று வாயால் சொல்வதை ஐந்திணைக்குள் களவொழுக்கத்தில் அனுமதிக்கிறார். உண்மையிலேயே ஏறிவிட்டால், அதைத் தூக்கிப் பெருந்திணையில், பொருந்தாக் காமத்தில் போட்டுவிடுகிறார். புலம்பலாம், செயலில் இறங்கக் கூடாது. அந்தத் தெளிவு எனக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்காததும் உண்டு. பெண் மடலேறும் வழக்கம் எந்தத் திணையிலும் இல்லை என்கிறார். கடலளவு காமம் வருத்தினாலும் மடலேறாத பெண்ணைப் போன்ற பெருமை வேறில்லை என்று வள்ளுவரும் நாணுத்துறவுரைத்தல் அதிகாரத்தில் சொல்லி வைக்கிறார். பிற்காலத்தில் திருமங்கையாழ்வார் பெண் குரலில் மடல் பாடியதும் கடவுளை நோக்கித்தான், அக்கம்பக்கத்து ஆணை நோக்கியல்ல. அடக்கம் பெண்ணுக்குப் பெருமை என்றால் ஆணுக்கு மட்டும் அது ஏன் பெருமையாகவில்லை? அதே அளவுகோலை அவனுக்கும் வைத்திருந்தால் மடல் என்ற துறையே பிறந்திராது.

பெண்ணின் குரலில் சங்கப் பாட்டு எப்படி முறையிடுகிறது என்று பார்த்தால் வேறுபாடு விளங்கும். குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவன் என்னோடு கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை. அவன் மட்டுமே இருந்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். பிறகு நினைவு வந்தவளாக, ஒரு குருகு இருந்தது என்கிறாள். தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்து நின்ற குருகு.

ஐந்தே அடிகள்தான் அந்தப் பாட்டு. அதற்குள் அவள் நடந்தது என்ன என்று சொல்கிறாள். எதிராளி யார், சாட்சி யார் என்று சொல்கிறாள். தன் சாட்சியின் பலவீனத்தையும் தானே சொல்லிவிடுகிறாள். குருகின் கண் மீன் மேல் இருந்தது, இவர்கள் மேல் இல்லை. அவனைக் கள்வன் என்கிறாள் என்பது உண்மை. அந்தச் சொல்லுக்கு அவளிடம் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தை மெய்ப்பிக்க வழியில்லாததுதான் அவள் வேதனை. அவன் மறுத்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. அவள் வாழ்க்கை போய்விடும். பொய்யும் வழுவும் தோன்றிய பிறகுதான் பெரியோர் கரணம் என்னும் மணச் சடங்கை வகுத்தார்கள் என்று தொல்காப்பியம் சொல்வதன் பின்னால் எத்தனை தலைவியர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். உயிர் போகிற நிலையிலும் சாட்சியைப் பற்றி யோசித்த அந்தப் பெண்ணின் நேர்மையில் பாதி, மதுக் கோப்பையோடு பாடுகிறவனுக்கு இருந்தால் போதும்.

பெண்களும் ஏமாற்றுகிறார்களே என்று கேட்பவருக்கு: ஏமாற்றுகிறார்கள், ஆண்களும் ஏமாற்றுகிறார்கள். பணம் பறித்தவள், மணமானதை மறைத்துப் பழகியவள், ஒரே நேரத்தில் இருவருக்கு வாக்குக் கொடுத்தவள் என்றால் அதைச் சொல்லிப் பாடட்டும். நான் ஒருநாளும் மறுக்க மாட்டேன். ஏமாற்றுதல் வேறு, மனம் மாறுதல் வேறு. நம் சட்டமே இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. மணப்பதாகச் சொல்லிப் பழகிப் பிறகு கைவிட்ட வழக்குகளில், தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, உண்மையாகப் பழகிப் பின்னால் உறவு முறிந்ததா என்று உச்ச நீதிமன்றம் பிரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கிறது. முன்னது குற்றம், பின்னது குற்றமல்ல. குற்றம் சாட்டப்பட்ட ஆண்களுக்குக் காட்டப்படும் இந்த நியாயத்தை, பாட்டில் சாட்டப்படும் பெண்ணுக்கு நாம் ஏன் காட்ட மறுக்கிறோம்?

மனம் மாறலாமா? மாறலாம். இதைத் தமிழ்நாட்டில் ஒளிவு மறைவில்லாமல் சொன்னவர் பெரியார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் காதலுக்கு ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். அன்பு, ஆசை, நட்பு ஆகியவற்றைத் தாண்டித் தெய்வீகமாக ஒன்றும் இல்லை, ஒருமுறை ஒருவரிடம் வந்துவிட்டால் மாறவே கூடாது என்பது இயற்கைக்கு விரோதம் என்று அதில் வாதாடுகிறார். அடுத்த அத்தியாயமே கல்யாண விடுதலை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, வேண்டாத மணவாழ்விலிருந்து விலகும் உரிமையைப் பெண்ணுக்கும் ஆணுக்கும் கேட்டுத் தீர்மானம் போட்டது. இந்து திருமணச் சட்டம் இந்துக்களின் மணவிலக்குக்கு வழிசெய்தது 1955-இல். தாலி கட்டிப் பிள்ளை பெற்ற பிறகும் சட்டப்படி விலகலாம் என்று ஏற்ற நாட்டில், மூன்று மாதம் பேசிப் பழகிய பெண் விலகினால் துரோகியா?

விலகுகிறவள் காரணம் சொல்லக் கடமைப்பட்டவளா என்றும் கேட்கிறார்கள். சொன்னால் நல்லது, மரியாதை. நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் அவள் சொல்லும் காரணம் இவனுக்குப் பிடிக்க வேண்டும், இவன் ஒப்பி முத்திரை குத்தினால்தான் அவள் போகலாம் என்றால் அது காதலே அல்ல, அடிமை ஒப்பந்தம்.

பாட்டு யாரையும் கொல்வதில்லை. பாட்டைக் கேட்டதால் ஒருவன் கொன்றான் என்று நான் சொன்னால், சான்றில்லாமல் குற்றம் சாட்டும் அதே தவறை நானும் செய்தவனாவேன். நான் சொல்வது வேறு. 2012 நவம்பரில் காரைக்காலில், மணக்க மறுத்ததற்காக ஒரு மென்பொறியாளர்ப் பெண் மேல் அமிலம் வீசப்பட்டது. கண்பார்வை போய், 2013 பிப்ரவரியில் அவர் இறந்தார். 2022 அக்டோபர் 13 அன்று, பரங்கிமலை ரயில் நிலையத்தில், உறவை முறித்துக்கொண்ட கல்லூரி மாணவியை ஒருவன் ஓடும் ரயில் முன் தள்ளிக் கொன்றான். 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. (மரண தண்டனையை நான் ஏற்பவனல்ல, அது வேறு பேச்சு.) இப்படி ஒரு செய்தி வரும் ஒவ்வொரு நாளும் டீக்கடையில் என்ன பேசுகிறோம் என்று கவனியுங்கள். கொன்றவனைப் பற்றி ஒரு வாக்கியம். உடனே அடுத்தது: “அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சோ.”

அந்த வாக்கியத்தைப் பேசுகிறவர் கெட்டவர் அல்ல. வீட்டில் மகள் இருக்கும் தகப்பனாகவே இருப்பார். அவர் பாட்டைப் படித்த முறையிலேயே கொலையையும் படிக்கிறார். அவன் இவ்வளவு தூரம் போயிருக்கிறான் என்றால் அவள் ஏதோ செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு அவருக்குப் பழகிப்போயிருக்கிறது. அவள் செய்தது ஒன்றே ஒன்று. வேண்டாம் என்றாள்.

அழ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரிவு உயிரை அறுக்கும். சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. அந்த நேரத்தில் பாட்டு துணைக்கு வரும். வரட்டும். இளையராஜாவின் மெட்டுகளில் இரவெல்லாம் அழுது மறுநாள் வேலைக்குப் போய்ப் பிழைத்தவர்கள் இந்த நாட்டில் லட்சக்கணக்கில் இருப்பார்கள். எனக்கு வலிக்கிறது என்று பாடுங்கள். அவள் இல்லாத வீதி வெறிச்சென்றிருக்கிறது என்று பாடுங்கள். அவளைப் பெயர் சொல்லித் தூற்றும் வரி வரும்போது மட்டும் வாயை மூடுங்கள்.

பாட்டெழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். விலகிப் போன பெண்ணின் பக்கத்தையும் எழுதுங்கள். அவள் ஏன் போனாள், போவதற்கு எத்தனை நாள் யோசித்தாள், போன பிறகு தெருவில் நடக்க எப்படிப் பயந்தாள் என்று எழுதுங்கள். கபிலர் ஆணாக இருந்தே எழுதியிருக்கிறார்.

மகன் இருக்கும் பெற்றோர்களே, இன்னொன்றை அவனுக்குச் சொல்லி வையுங்கள். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் தொடர்ந்து போவதும், திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, மறுமுறை செய்தால் 5 ஆண்டு வரை. அவன் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் இதை அவன் காதில் போடுங்கள்.